படத்தின் அடியில் ஒரு பெயர்



சாரல் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் அரங்கில் ஆள் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். வந்திருக்கிறீர்கள். சிலருடைய தலை இன்னும் ஈரமாக இருக்கிறது. இரண்டையும் முடித்துக்கொண்ட கெட்டிக்காரர்கள்.

அழைப்பிதழில் 'ஆய்வும் மக்களும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே பெரிய சொற்கள். ஒரு மணி நேரத்தில் சுற்றி வர முடியாது. நடுவே ஓர் 'உம்' இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் பேச உத்தேசம். ஆய்வையும் மக்களையும் சேர்த்துக் கட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஊர்த் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். நூலகரிடம் நாள் கேட்க வேண்டும். முந்நூறு பக்க ஆய்வேட்டை எட்டுப் பக்கமாக்க ஆய்வாளரோடு மல்லுக்கட்ட வேண்டும். பேருந்துச் சீட்டுகளை ஒட்டிப் பயணப்படிக்கு வவுச்சர் போட வேண்டும். இதையெல்லாம் செய்கிற ஆளுக்கு நம் கல்லூரிகளில் பதவியும் கிடையாது, பெயரும் கிடையாது. 'உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான்', 'ஒரு பிள்ளை இருக்கிறாள்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்த வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் ராணுவ மருத்துவராக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். ராபர்ட் வைட். மருத்துவம் சம்பளத்துக்கு, மனசெல்லாம் செடிகொடியில். குற்றாலத்துக்கு வந்து மலையேறித் தாவரங்களைத் திரட்டினார். அந்தக் குறிப்புகள் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் அச்சாயின. பிறகு அவர் வெளியிட்ட பெரிய படநூல் 1838 தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். வாங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக வண்ணம் தீட்டாமல், சென்னையிலேயே கல்லச்சில் அடித்தார். தாவரவியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிற நூல் அது.

அந்தப் படங்களை வைட் வரையவில்லை. ரங்கையா என்றொருவர் வரைந்தார். அவருக்குப் பிறகு கோவிந்து. இருவரைப் பற்றியும் வாழ்க்கைக் குறிப்பென்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் படங்களை எடுத்துப் பாருங்கள். இலை, பூ, பூவைப் பிளந்து காட்டிய சூலகம், விதை, எல்லாம் முடிந்த பிறகு அடியில் பொடி எழுத்தில் 'ரங்கையா' என்று இருக்கும். பக்கத்தில் 'டெல்.' என்று ஒரு சுருக்கம். லத்தீனில் 'வரைந்தார்' என்று பொருள். வைட் இன்னொன்றும் செய்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் வழக்கிலிருந்து போயிற்று. ஆனாலும் கம்பெனி ஆட்சிக் காலத்தில், ஒரு வெள்ளைக்கார மருத்துவர், கவர்னர் பெயரை விட்டுவிட்டுத் தன்னிடம் படம் வரைந்தவரின் பெயரை ஒரு செடிக்கு வைத்தார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி அந்த இரண்டு ஓவியர்களையும் தேடிப் புத்தகமாக்கினார். தேட முடிந்ததற்குக் காரணம் அடியில் பெயர் இருந்ததுதான்.

அந்தப் பொடி எழுத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

இதே குற்றாலத்தில் இதற்கு நேரெதிரான கதையும் நடந்தது. ரசிகமணி டி.கே.சி.யை இங்கே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கிய வட்டமும், பிறகு குற்றாலத்தில் அவர் வீட்டைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்து போனதும் உங்கள் பாட்டனார்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வக்கீலுக்குப் படித்தவர், இந்து அறநிலையத் துறையில் கமிஷனராக இருந்தவர். கம்பனை வக்கீலும் வியாபாரியும் கேட்டு ரசிக்கும்படி சொன்னவர். கல்லூரியில் தமிழிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று, அது பைத்தியக்காரத்தனமாகக் கருதப்பட்ட காலத்தில் வாதாடியவர். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'பொதுப் புலமை' என்று பெயர் வைத்துத் துறை திறக்கிறார்களே, அதை அவர் ஒரு வீட்டு முற்றத்தில், காபியும் பலகாரமும் கொடுத்து நடத்தினார்.

1954இல் அவர் போனார். என்ன மிஞ்சியது? அவர் எழுதிய நூல்கள். நண்பர்கள் பத்திரப்படுத்திய கடிதங்கள். பழகியவர்களின் நினைவுக் கட்டுரைகள். முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் பேசிய பேச்சு? பெரும்பகுதி சாரலோடு போயிற்று. ஒரு பாட்டை அவர் எப்படிச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், எதிரே இருந்தவர் என்ன கேட்டார், அதற்கு இவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்கு இல்லை. ரசிகர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்து எழுதுவதே தன் வேலை என்று ஒருவர் இல்லை. அப்படி உட்கார்ந்திருந்தால் அவரால் ரசித்திருக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அதனால்தான் அதைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது ஆள் பாளையங்கோட்டையில் இருந்தார். பேராசிரியர் நா. வானமாமலை. பேராசிரியர் என்று சொல்கிறோமே தவிர, பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு நாற்காலி போடவில்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். நெல்லை ஆய்வுக் குழுவை அவர் கூட்டியபோது கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களும் வந்து கட்டுரை படித்தார்கள், திட்டு வாங்கினார்கள், திருத்தி எழுதினார்கள். 1969இல் 'ஆராய்ச்சி' என்று இதழும் வந்தது. நான் இன்று காட்ட விரும்புவது அதற்கு முந்திய ஒரு புத்தகம்: 1964இல் வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்'. நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே, சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர், இன்ன வட்டம் என்று போட்டிருக்கும். எஸ்.எஸ். போத்தையா என்ற பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். தங்கம்மாள்புரம், விளாத்திகுளம் வட்டம். முகப்பில் வானமாமலை பெயர் இருக்கிறது, சரி. ஆனால் எந்தப் பாட்டு யார் காதில் விழுந்து யார் கையால் தாளுக்கு வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. இன்றைக்கு ஓர் ஆய்வு மாணவர் போத்தையாவைப் பற்றித் தனியாக எழுத முடிகிறது. வைட் படத்தின் அடியில் இருந்த அதே பொடி எழுத்துதான் இதுவும்.

இனி நம் கதைக்கு வருவோம்.

2022ஆம் ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்குப் புதிய விதிமுறை வெளியிட்டது. துறை எதுவானாலும் ஆய்வாளர் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி கொடுக்கலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. 'கொடுக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாரம் ஆறு மணி நேரம் என்றால் மாதம் இருபத்துநான்கு. அதில் என்ன நடக்கிறது? நடுத்தர ரகமான நெறியாளரிடம் விடைத்தாள் திருத்துவதும் வருகைப்பதிவு ஏற்றுவதும். மோசமானவரிடம் அவர் வீட்டுக் கரண்டு பில் கட்டுவது. சிரிக்கிறீர்கள், பின்வரிசையில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

இதே மணி நேரத்தை வேறு விதமாகச் செலவழிக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராக்கம் என்ற பட்டமேற்படிப்புப் பள்ளி இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர்கள் அருங்காட்சியகத்திலும் தொண்டு நிறுவனத்திலும் ஊதியத்தோடு சில மாதம் வேலை செய்ய ஏற்பாடு செய்கிறார்கள். ஆய்வு மாணவர் எல்லோரும் பேராசிரியர் ஆகப்போவதில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பக்கத்திலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் 'அவ்சார்' என்று ஒரு போட்டி தொடங்கியது. ஆய்வாளர் தன் ஆய்வையே பொதுவாசகருக்குக் கட்டுரையாக எழுத வேண்டும். முதல் பரிசாக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பரிசு கிடைத்தது சிலருக்குத்தான். எழுதக் கற்றுக்கொடுக்க, எழுதியதைத் திருத்த, அதை ஊருக்குக் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்?

பக்கத்திலேயே இன்னொன்று. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் அதை முன்னெடுக்கிறது. விடியற்காலையில் கல்லூரிப் பிள்ளைகள் தொலைநோக்கியோடு குளத்துக் கரையில் நிற்பார்கள். அதில் போன ஒரு மாணவி சொன்னாள், பறவையை எண்ணுவதைவிட, என்ன செய்கிறோம் என்று மாடு மேய்க்க வந்தவருக்குச் சொல்லிப் புரியவைத்ததுதான் கஷ்டமாக இருந்தது என்று. அதைச் செய்துவிட்டாள் அல்லவா, அவளுக்கு அதற்கு மதிப்பெண் யார் போட்டார்கள்?

இப்போது ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடையது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பெண் ஆய்வு செய்தார். குளத்துப் பாசனச் சொற்கள். கடையம் பக்கம், பாவூர்சத்திரம் பக்கம், செங்கோட்டைப் பக்கம் என்று ஊர் ஊராகப் போய் மடை, மறுகால், வாய்மடை, கடைமடை என்று எழுதிக்கொண்டு வந்தார். சகோதரன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான், மத்தியானம் கட்டுச்சோறு. ஓர் ஊரில் ஒரு முதியவர், அந்தக் காலத்தில் மடை திறந்து மூடுகிற வேலை பார்த்தவர், நாள் பூரா பதில் சொல்லிவிட்டுக் கேட்டாராம்: "ஏம்மா, இம்புட்டு எழுதுதியே, எழுதி முடிச்சா எங்களுக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டுவியா?"

காட்டுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். ஆய்வேடு முடிந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள். வாய்மொழித் தேர்வில் கைதட்டல், பிறகு போண்டா, டீ. ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறியது. எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனோம். 'கொண்டாந்து காட்டுவியா' என்பது மட்டும் அந்தப் பெண்ணுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று வருஷம் கழித்து, அந்த ஊரைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் பதினாறு பக்கமாகச் சுருக்கி, பெரிய எழுத்தில் நகல் எடுத்துக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். போனேன்.

குளத்துக் கரையில் ஆலமரத்தடி. இருபது முப்பது பேர். அவர் வாசித்தார். முதியவருக்குப் பார்வை போயிருந்தது; காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கையைத் தூக்கினார். "மடை மூணுன்னு போட்டிருக்கியோ? நாலும்மா. நாலாவது தூந்து போச்சு. தூந்து போனா இல்லைன்னு ஆயிருமா?"

இரண்டு தேர்வாளர்களும் ஒரு நெறியாளரும் பார்த்து ஒப்புதல் கொடுத்த பக்கம் அது. அவர் சொன்ன இடத்துக்கு இரண்டு இளைஞர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கருவேல முள்ளை விலக்கினால் கல் தெரிந்தது. மடைக்கல்தான். நானே கையை வைத்துப் பார்த்தேன். மண் அப்பிய கல்லின் நடுவில் தண்ணீர் போன வழுவழுப்பு இன்னும் இருந்தது. நெறியாளர் நான். மூன்று வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியவன்.

தவறு இது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வேடு பின்னால் புத்தகமாக வந்தது. நன்றியுரையில் துணைவேந்தர் இருக்கிறார், நான் இருக்கிறேன், பதிப்பாளர் இருக்கிறார். மடை திறந்த முதியவர் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிய தம்பி இல்லை. ஆலமரத்தடிக் கூட்டத்துக்கு ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கி பேசி, நகல் எடுத்துக் கொடுத்த இன்னொரு முதுகலை மாணவன் இருந்தான், அவனும் இல்லை. அச்சுப்படி என் கைக்கு வந்தது. நான் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன்.

இந்தக் கதையை வைத்துத்தான் என் கோரிக்கையைச் சொல்கிறேன். இந்தத் தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். புது மாவட்டம், ஆய்வுக்கு வேண்டியது கொட்டிக் கிடக்கிறது. புளியங்குடி எலுமிச்சை இருக்கிறது. ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முதுகுவலியையும் கூலியையும் பற்றி ஆய்வேடுகள் பல உண்டு. பீடித் தட்டு வரைக்கும் திரும்பிப் போன ஆய்வேடு எத்தனை என்று கேட்டால் நாம் விரல்விட்டு எண்ணலாம். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. குற்றாலத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அருவிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்கிறாரா? அங்கே ஒரு வரலாற்று ஆய்வு மாணவி மூன்று மாதம் உட்கார்ந்து, வருகிற குடும்பத்துக்குத் தமிழில் கதை சொன்னால் போதும். ஆய்வுக்கும் நல்லது, அகழ்வைப்பகத்துக்கும் நல்லது. மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் ஒன்று பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து வேலையோடு கற்றுக்கொடுக்கிறது. பயிற்சிப்பணி என்றால் என்ன என்று நம்மூர்த் தாய்மார்களுக்கு இப்போது விளக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்கு மட்டும் அது ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இதைச் சும்மா செய்யச் சொல்லாதீர்கள். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர் பகலில் தனியார் கல்லூரியில் வகுப்பு எடுத்து, மாலையில் டியூஷன் சொல்லி, ராத்திரி ஆய்வேடு எழுதுகிறார். அவரிடம் போய் 'சமூகத்துக்காகக் கொஞ்சம் செய்யக்கூடாதா' என்று கேட்பது நியாயமில்லை. ஒரு கல்லூரியில் ஒரே ஓர் ஆய்வு மாணவருக்கு வாரம் ஆறு மணி நேரத்துக்குத் தொகுப்பூதியம் போடுங்கள். மற்ற ஆய்வாளர்களை ஊரோடு இணைப்பது அவர் வேலை. எந்த நூலகம், எந்தப் பள்ளி, எந்தச் சந்தை, யாரிடம் அனுமதி, கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி என்பதெல்லாம் அவர் பார்க்கட்டும். அவர் கேட்டு வந்த கேள்விகளை நெறியாளர்கள் கேட்கட்டும். நாற்பது ஆண்டு ஆய்வுத் துறையில் இருந்தவன் சொல்கிறேன். எந்தக் கருத்தரங்கைவிடவும் இது மலிவு. ஒரு தேசியக் கருத்தரங்கில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகிற செலவில் ஒரு மாணவருக்குச் சில மாதம் ஊதியம் கொடுத்துவிடலாம். இன்று எனக்குப் போர்த்திய பொன்னாடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் நின்று அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆற்றும்போது பராக்கிரம பாண்டியனை விட்டுவிட முடியாது. 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கியவன். அவன் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். இந்தக் கோயிலுக்கு எப்போதாவது ஒரு குறை வந்து, அதை யாராவது சரிசெய்தால், அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். கட்டியவன் அரசன். விழுவதோ, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத வேலைக்காரர்கள் காலில். 1924இல் கோபுரம் எரிந்தது. அறுபத்தாறு ஆண்டு மொட்டைக் கோபுரமாக நின்று, 1990இல் மறுபடி குடமுழுக்குக் கண்டது. அந்தக் கும்பிடு சரிசெய்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அரசனைப் போல நான் பாட்டெழுத முடியாது. என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை ஆண்டுதோறும் சிறு நூலாக அச்சிடுகிறீர்கள். என் பேச்சு இப்போது மேசைமேல் இருக்கிற கைப்பேசியில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு, நான் விழுங்கிய சொல்லையும் இருமலையும் கழித்து, எழுத்தாக்கப்போகிறவர் இந்தக் கல்லூரியின் ஓர் ஆய்வு மாணவி என்று முதல்வர் சொன்னார். புத்தகம் வரும்போது முகப்பில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரைப் போட வேண்டும். பொடி எழுத்தில் வேண்டாம், என் பெயர் இருக்கிற அளவிலேயே. இன்று எனக்கு உறையில் வைத்துக் கொடுத்த தொகையில் பாதி அவருக்கு. உறையை முதல்வரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கணக்கர் பிரித்துக் கொடுத்துவிட்டு ரசீதில் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.